பாட்டிலில் ஒரு சீரகம்

தீபாவளிக்கு முந்தின வாரம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. பரிசோதனைக் கூடத்தில் என் மேசை மேல் இருந்த கண்ணாடி பாட்டிலின் அடியில் ஒரு சீரகம் கிடந்தது.

ஒன்றே ஒன்றுதான். பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிச் சாய்த்துப் பார்த்தேன். சீரகம் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு மெதுவாக நகர்ந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். வாசனை இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை.

மணி மூன்றரை. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். பெண்ணைக் கூட்டிக்கொண்டு, மழை வலுப்பதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். அந்தக் காலத்தில் நான் எந்த இடத்திலும் முழுசாக இருந்ததில்லை. கை ஒரு வேலையில் இருந்தால் கண் கடிகாரத்தில் இருக்கும்.

யாருடைய டிபன் பாக்ஸிலிருந்தோ விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிரிப்புக்கூட வந்தது. சோதனைக்கு வேண்டிய தண்ணீரை எடுத்துக்கொண்டு மீதியைத் தொட்டியில் ஊற்றினேன். சீரகம் சல்லடையில் ஒட்டிக்கொண்டது. விரலால் தள்ளிவிட்டேன்.

இத்தனை வருஷம் கழித்தும் அந்த விரலை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் போட்ட கையெழுத்து

நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, "தண்ணீரைப் பார்த்த உடனே கெட்டுப்போனதா என்று சொல்லிவிடுவீர்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சொல்ல முடியாது ஐயா. பளிங்கு மாதிரி இருக்கிற தண்ணீர்தான் ஆளைக் கவிழ்க்கும்.

பாளையங்கோட்டையில் இருந்த எங்கள் கூடத்துக்கு மாவட்டம் முழுக்க இருந்து குடிதண்ணீர் மாதிரிகள் வரும். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பாத்திரங்கள் அனுப்புவோம். ஒன்று, கிருமி பார்ப்பதற்கான சின்னக் கண்ணாடி பாட்டில். அதை நாங்களே நீராவியில் வேகவைத்து, மூடிக்குப் பழுப்புக் காகிதம் சுற்றி நூல் கட்டி அனுப்புவோம். குழாயடியில்தான் பிரிக்க வேண்டும். இன்னொன்று உப்பு, கடினத்தன்மை பார்ப்பதற்கான பிளாஸ்டிக் கேன், இரண்டு லிட்டர் பிடிக்கும். ஊரில் பம்ப் செட்டு பார்க்கிற ஆள் இரண்டையும் நிரப்பி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார்.

பாட்டிலுக்குள் வேறு பொருள் எது கிடந்தாலும் கொட்டிவிட்டு, மறு மாதிரி கேட்க வேண்டும் என்பது விதி. மற்றவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. கிருமி இருந்தால் சோதனைக் குழாயில் இருக்கும் ஊதாத் திரவம் மஞ்சளாகும், உள்ளே ஒரு காற்றுக்குமிழ் நிற்கும். ஒரு குழாய்கூட நிறம் மாறவில்லை. "குடிக்க உகந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பாட்டில் வந்த ஊரை வடகால்குறிச்சி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு. அம்பாசமுத்திரத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி போகிற பக்கம், ஒரு பெரிய குளத்தின் கரையில் இருக்கிறது. குளத்துக்குள்ளேயே சிமெண்ட் உறைகளை அடுக்கி உறைக்கிணறு இறக்கி, அதிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, தெருவெல்லாம் குழாய் போட்டிருந்தார்கள். பம்ப் செட்டு பார்த்தவர் சுடலைமுத்து. ஐம்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். தொகுப்பூதியத்தில் இருந்தார். அடுத்த வருஷம் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவரை மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். ஆனால் அவர் அனுப்பும் பாட்டிலை எனக்கு நன்றாகத் தெரியும். மற்ற ஊர்ப் பாட்டில்கள் சேறும் ஈரமுமாக வந்து இறங்கும். அவருடையது துடைத்து, துணி சுற்றி, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் சீர் மாதிரி வரும். எல்லாரும் இவரைப் போல இருந்தால் என்ன என்று நானே சொல்லியிருக்கிறேன்.

தண்ணீர்ப் பெருமை

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். திருநெல்வேலிக்காரனிடம் அவன் வீட்டைக் குறை சொல்லலாம், அவன் பிள்ளையின் மார்க்கைக் குறை சொல்லலாம். தண்ணீரைக் குறை சொல்லக் கூடாது. மெட்ராஸில் வேலை பார்க்கும் என் சித்தப்பா லீவுக்கு வந்தால், பெட்டியைக் கீழே வைக்கும் முன்னே ஒரு செம்பு தண்ணீர் கேட்பார். குடித்துவிட்டு, "இதுல்லா தண்ணி!" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ரயில் டிக்கெட் எடுப்பாரோ என்று தோன்றும்.

நானும் அதே ரகம்தான். கல்லூரியில் வேதியியல் படித்தபோது, வெளியூர்த் தோழிகளிடம் எங்கள் ஆற்றுத் தண்ணீரில் சோப்பு எப்படி நுரைக்கும் என்று அளந்திருக்கிறேன். கையில் சோதனைக் குழாய் வந்த பிறகும் அந்தப் பெருமை போகவில்லை. எங்கள் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும் என்கிற எண்ணத்தோடேயே பாட்டிலைத் திறந்தேன். நம்பிக்கையை வைத்துக்கொண்டு சோதனை செய்கிறவள், சீரகத்தைப் பார்த்தாலும் பார்க்க மாட்டாள்.

கீழத்தெரு

தீபாவளி முடிந்து ஒரு மாதம் இருக்கும். வடகால்குறிச்சி கீழத்தெருவில் மஞ்சள் காமாலை என்று செய்தி வந்தது. முதலில் ஒரு வீடு, பிறகு பக்கத்து வீடு, பிறகு எதிர்வரிசை. அவசர மாதிரி ஒன்று கேட்டு வாங்கினோம். அதுவும் சுத்தமாகவே இருந்தது. அதற்கும் நான் கையெழுத்துப் போட்டேன்.

காரணம் தண்ணீர் இல்லை என்று முடிவாகிவிட்டது. என் இரண்டு சான்றிதழ்களையும் கோப்பில் வைத்துக்கொண்டு, ஒரு சடங்கு வீட்டுச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டார்கள். சமைத்த பெண்களைக் கூப்பிட்டு நகத்தையெல்லாம் பார்த்தார்களாம். ஜனங்கள் அதே குழாயில் குடம் குடமாகப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் முறுக்கு சுட உட்கார்ந்தேன். மாவில் போடச் சீரகத்தை உள்ளங்கையில் கொட்டினேன். அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டு எழுந்துவிட்டேன். "என்ன, எண்ணெய் காய்ஞ்சுட்டுல்லா?" என்று என் கணவர் கேட்டார்.

மறுநாள் காலையில் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கிருமிப் பக்கத்தை விட்டுவிட்டுக் கடினத்தன்மைப் பக்கத்தைப் புரட்டினேன். அந்த ஊர்த் தண்ணீர் மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். கடைசி இரண்டு மாதிரிகளிலும் மட்டும் இறங்கியிருந்தது. மழைத் தண்ணீர் கலந்ததால் என்று அப்போது நினைத்திருக்கிறேன். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அப்படி இறங்கும். உப்பில் கொஞ்சம் வெள்ளையாகப் பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும். வெந்நீர் போடுகிற எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். நான் இரண்டு தடவை சான்றிதழ் கொடுத்தது அதற்குத்தான்.

எழுதிக் கேட்டால் இன்னொரு பாட்டில் வரும். துடைத்து, துணி சுற்றி வரும். லீவு சொல்லாமல் பஸ் ஏறினேன்.

"பொண்ணு பாக்க வந்தா..."

சுடலைமுத்து அண்ணாச்சி பம்ப் அறை வாசலில் மோட்டாருக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"வாங்கம்மா. சொல்லி அனுப்பியிருந்தா பஸ் ஸ்டாப்புக்கே வந்திருப்பம்லா."

நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். வெளிக்கிருமி கலந்துவிடாமல் இருக்க, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பற்றவைத்து, கீழத்தெருக் குழாயின் வாயைச் சுட்டேன். குழாயைத் திறந்ததும் செம்மண் நிறத்தில் வந்தது. அவர் பதறிவிட்டார்.

"அம்மா, அதுல பிடிக்காதிய. அது கலங்கல்லா இருக்கு. செத்த இருங்க, நான் நல்ல தண்ணி கொண்டாரேன்."

"எங்கேயிருந்து அண்ணாச்சி?"

"வீட்ல இருக்கு. எப்பவும் அனுப்புவேம்லா, அதே தண்ணிதான்."

கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. ஒன்றொன்றாகக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். முன்பெல்லாம் குழாய்த் தண்ணீரை ஒரு பகல் பானையில் தெளியவிட்டு, மேலாக மொண்டு, வேட்டித் துணியில் வடிகட்டி பாட்டிலில் ஊற்றுவாராம். தீபாவளிக்கு முன்னால் மகள் செல்வி வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். தாய் இல்லாத பிள்ளை என்று, தினம் விடியற்காலையில் சீரகம் போட்டு அவரே தண்ணீர் காய்ச்சி வைத்தார். வீட்டில் அதைவிட நல்ல தண்ணீர் ஏது? அதை அனுப்பினார்.

"ஏன் அண்ணாச்சி இப்படிச் செஞ்சீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "என்னம்மா இப்படிக் கேக்குதிய? பொண்ணு பாக்க வந்தா பிள்ளையக் குளிப்பாட்டித் தல சீவித்தான நிறுத்துவோம்? படிச்சவிய நாலு பேரு பாக்குத தண்ணி. அழுக்கா அனுப்புனா எனக்கா கேவலம், ஊருக்குல்லா கேவலம்."

அந்தப் பாட்டில் எதற்கு என்று மூன்று வருஷத்தில் அவருக்கு யாரும் சொன்னதில்லை. "நிரப்பி அனுப்பவும்" என்று மட்டும் அச்சடித்துக் கொடுத்திருந்தோம். அந்தச் சீட்டை எழுதியதும் நான்தான்.

வாய்க்கால் வழியே

"குளத்துக்குத் தண்ணி வர்ற வழியைக் காட்டுங்க" என்றேன். உட்கார முடியவில்லை எனக்கு. அவர் முன்னால் நடக்க, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்கால் கரையில் ஏறினேன்.

ஒரு மணி நேரம் நடந்திருப்போம். வாழைத்தோட்டம், செங்கல் சூளை, லாரி கழுவுகிற துறை. மேலே இருந்த பெரிய ஊரை எட்டும்போது நாற்றம் வந்தது. புதிதாகக் கட்டிய பொதுக் கழிப்பிடத்தின் குழாய், வாய்க்காலுக்குள்ளேயே வாயைத் திறந்து வைத்திருந்தது. ஆடியிலும் ஆவணியிலும் வாய்க்கால் காய்ந்து கிடந்த காலம் முழுக்க அங்கே தேங்கியதை முதல் மழை வழித்துக்கொண்டு வந்து, நேராகக் குளத்தில் கொட்டியிருக்கிறது.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அதுக்குத்தானம்மா மொதத் தண்ணியக் குளத்துக்கு விட மாட்டோம்."

திரும்பி வரும் வழியில் அதையும் காட்டினார். குளத்துக்குள் வாய்க்கால் விழும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பலகை அடைப்பு இருந்தது. மழைக் காலத்தில் முதல் இரண்டு நாள் வரும் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிட்டு, வாய்க்கால் தன்னைக் கழுவிக்கொண்ட பிறகுதான் குளத்துக்குத் திறப்பார்கள். அது ஊர் வழக்கம். போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அதனால் இந்த வருஷம் ஒரு சொட்டும் ஓடைக்குப் போகக் கூடாது என்று வயல்காரர்கள் ஒன்றாக நின்று பலகையைப் போட விடவில்லை.

"நான் சொன்னேன். 'ஏலே, நீ மோட்டாரப் பாரு, குளத்த நாங்க பாத்துக்கிடுதோம்'னு சொல்லிட்டாவ."

குளத்துக்குள் நின்ற உறைக்கிணற்றையும் எட்டிப் பார்த்தேன். இரண்டு உறைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவு விரிசல். குளத்துத் தண்ணீர் மண்ணில் வடியாமல் அதன் வழியே நேராக உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால், பலகை, விரிசல், குழாய், கீழத்தெரு. வழி முழுவதும் கண் முன்னால் கிடந்தது. நடந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. நாங்கள் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தம்ளரோடு வந்தவள்

"வெயில்ல வந்திருக்கிய. வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். மறுக்க முடியவில்லை.

அவர் வீடு கீழத்தெரு முடிவில் இருந்தது. ஓட்டுக் கூரை, சாணி மெழுகிய வாசல். உள்ளே மாடத்தில் எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று துணி மூடி இருந்தது. மூன்று லிட்டர் பிடிக்கும். "செல்வி, அம்மாவுக்குத் தண்ணி கொண்டா" என்று குரல் கொடுத்தார்.

அந்தப் பெண் ஒரு கையை இடுப்பில் ஊன்றி நடந்து வந்தாள். இருபது, இருபத்தொன்று இருக்கும். கைநிறையக் கண்ணாடி வளையல். "குடிங்கக்கா" என்று தம்ளரை நீட்டிச் சிரித்தாள்.

அவள் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

தம்ளரை நான் வாங்கவில்லை. "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றேன். "ரெண்டு நாளா வாய்க்குப் பிடிக்கல. மாசமா இருக்கப்ப அப்படித்தான இருக்கும்?" என்றாள்.

மற்றவர்களுக்குக் காமாலை வந்தால் பத்தியம், ஓய்வு என்று பெரும்பாலும் தேறிவிடுவார்கள். நிறைமாத கர்ப்பிணிக்கு வந்தால் அது வேறு. தண்ணீரில் பரவும் காமாலை அவர்களை எப்படிக் கொண்டுபோகும் என்று நான் படித்திருந்தேன். படித்ததை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. "இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போறோம், கார் பிடிங்க" என்றேன். நான் கத்தினேன் என்று செல்வி பிற்பாடு சொன்னாள்.

கார் பாளையங்கோட்டை வந்து சேரும்வரை என் மடியில் கீழத்தெருக் குழாயில் பிடித்த பாட்டில் இருந்தது. அவள் தலை என் தோளில் இருந்தது. முன்சீட்டில் அண்ணாச்சி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "நான் காய்ச்சித்தானம்மா குடுத்தேன். ஒரு நாள்கூடப் பச்சத்தண்ணி குடுக்கலயே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதுதான் எனக்கும் விளங்கவில்லை.

அவள் கேட்டது

ஒரு வாரம் அவள் நினைவு தப்புவதும் வருவதுமாகக் கிடந்தாள். குழந்தை செத்துப் பிறந்தது. ஆண் குழந்தை. அவள் பிழைத்தாள்.

அதற்குள் என் பாட்டிலின் முடிவும் வந்துவிட்டது. எல்லாச் சோதனைக் குழாயும் மஞ்சள், எல்லாவற்றிலும் குமிழ். கிணற்றை மூடி லாரியில் தண்ணீர் விட்டார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குச் செல்வியைப் பார்க்கப் போனேன். அண்ணாச்சி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன். எல்லா நாளும் அப்பா காய்ச்சுத தண்ணிதான் குடிச்சேன். பஸ்ல கேன் போன ரெண்டு நாளு மட்டும் தூக்குல ஒண்ணும் இருக்காது. கேன அலசி நிரப்புனது போக அடியில ஒரு மடக்கு கிடக்கும். அப்பா பம்ப் செட்டுக்குப் போயிருப்பாவ. தாகம் தாங்காது. குழாயப் பிடிச்சுக் குடிச்சிட்டேன்."

இரண்டு லிட்டர் கேன், ஒரு பாட்டில், மூன்று லிட்டர் தூக்குவாளி. நான் அனுப்பிய கேன்.

அந்த இரண்டு நாள் தண்ணீர்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. பாத்திரம் கழுவிய தண்ணீராகவும் இருந்திருக்கலாம், வாய் கொப்பளித்ததாகவும் இருக்கலாம். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"அப்பாட்ட சொல்லிராதிங்கக்கா. தெரிஞ்சா உசுர விட்ருவாவ."

சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். அவள் கை வளையல் இல்லாமல் இருந்தது. வீங்கியதால் கழற்றிவிட்டார்கள்.

நான் எழுதிய கடிதம்

எங்கள் மேலதிகாரி நல்ல மனுஷர். ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது, அதுதான் அவருடைய பெரிய நோய். "ஏம்மா பழச எல்லாம் கிளறுத? புது ரிசல்ட்ட அனுப்பியாச்சு, கிணத்த மூடியாச்சு. அதோட விடு" என்றார்.

நான் எழுதினேன். சீரகத்தைப் பார்த்தும் மறு மாதிரி கேட்காமல் சோதித்தேன், இந்த ஊருக்கு நான் கொடுத்த எந்தச் சான்றிதழையும் நம்ப வேண்டாம், மாதிரி எடுக்கும் முறையை அந்த ஊழியருக்கு நாங்கள் ஒருபோதும் சொல்லித்தரவில்லை என்று எழுதினேன். வாய்க்காலையும் பலகையையும் விரிசலையும் படம் போட்டு இணைத்தேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போல இருந்தது. கைக்கு எட்டிய ஆள் நான்தான்.

எனக்கு மெமோ வந்தது. சுடலைமுத்து அண்ணாச்சிக்கும் வந்தது. நிரந்தரமாகும் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காததால் வேலையிலிருந்து மட்டும் நீக்கவில்லை. என் கடிதம் கீழத்தெருவுக்கு நல்லது செய்தது, அவருக்குக் கெடுதல் செய்தது. இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றை நான் சரிக்கட்டிக்கொண்டதில்லை.

கழிப்பிடக் குழாயைத் திருப்பவே எத்தனையோ கூட்டம் போட வேண்டியிருந்தது. விரிசலை அடைத்தார்கள், குளோரின் போட ஒரு டிரம் வைத்தார்கள். மழைக்குப் போட்ட பலகையை முதல் இரண்டு நாள் யாரும் தொடக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசிய பெண்கள் எல்லாரும் கீழத்தெருக்காரிகள். நகத்தைக் காட்டச் சொல்லி நிறுத்தப்பட்டவர்கள்.

உள்ளது உள்ளபடி

அடுத்த ஐப்பசி. மழை தொடங்கி மூன்றாம் நாள், கண்டக்டரிடம் கொடுக்காமல் அண்ணாச்சியே பாட்டிலையும் கேனையும் ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்தார். கேனுக்குள் தண்ணீர் செம்மண்ணாக இருந்தது. பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "கலங்கல். உள்ளது உள்ளபடி."

"இன்னைக்குத்தான்மா பலகையத் திறந்தோம். ரெண்டு நாளுத் தண்ணிய ஓடைக்கு விட்டாச்சு. அழுக்கா இருக்குன்னு நெனைக்காதிய. குழாயச் சுட்டுத்தான் பிடிச்சேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பார்க்க ஒரு மாதிரியான அந்தத் தண்ணீர் சோதனையில் தேறிவிட்டது. அது பிறகு.

டீ வாங்கிக் கொடுத்தேன். செல்வி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டில் நன்றாக இருப்பதாகச் சொன்னார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காலியான கேன் ஒன்றைக் கையில் எடுத்தார். மூடியைத் திருகித் திறந்தார், மூடினார்.

"இது ரெண்டு லிட்டரு. தூக்கு மூணு லிட்டரு. நிரப்பி அனுப்புனது நான். அந்த ரெண்டு நாளும் எம்பிள்ள என்னத்தக் குடிச்சிருப்பான்னு எனக்குத் தெரியாதாம்மா?"

நான் அவர் வைத்த தம்ளரை எடுத்து ஓரமாக நகர்த்தினேன்.

"உங்கட்ட சொல்லியிருப்பா. என்ட்ட சொல்லாதியன்னும் சொல்லியிருப்பா. அவ அம்மாவும் அப்படித்தான்." கேனை மேசையில் வைத்தார். "எனக்குத் தெரியும்கது அவளுக்குத் தெரிய வேண்டாம். நான் உசுரோட இருக்குத வரைக்கும் சொல்லிராதிய."

அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சாக்கை மடித்துக்கொண்டு போய்விட்டார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ஒரே விஷயத்தை அப்பாவிடமிருந்து மகளுக்காகவும், மகளிடமிருந்து அப்பாவுக்காகவும் இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்தேன். ஒரு ரகசியத்தை ஒரு பக்கம் மறைப்பதே பெரும்பாடு.

சுடலைமுத்து அண்ணாச்சி போன மாதம் காலமாகிவிட்டார் என்று தெரிந்தது. நல்ல வயதுதான். ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

செல்வி, நீ இந்தப் பத்திரிகை வாங்குகிறாயா என்று எனக்குத் தெரியாது. அடுத்த பேறுகாலத்துக்கு நீ வந்தபோது, அப்பா தூக்குவாளியைப் பரணில் போட்டுவிட்டு அண்டாவை அடுப்பில் ஏற்றினார் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாய். "ஒரு ஆளுக்கு எதுக்குக்கா அவ்வளவு தண்ணி, அப்பாவுக்குப் பைத்தியம்" என்றாய். அன்றைக்கு நானும் உன்னோடு சேர்ந்து சிரித்து வைத்தேன்.

அப்பாவுக்குத் தெரியும் செல்வி.